நாலு சாமான் சகலை

காரைக்காலில் என் சகலை வீட்டு வாசலுக்கு கேட் கிடையாது. முன்பு இருந்தது. திறந்தாலும் மூடினாலும் கிறீச்சென்று கத்துகிறது, கீலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள் என்று அக்கா பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என்றால் என் மனைவியின் அக்கா, சகலையின் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். எண்ணெய் விடத்தான் போகிறார் என்று அக்கா நினைத்திருக்கிறார். அவர் கேட்டையே கழற்றிச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு வந்து கை கழுவினார்.

"எண்ணெ வுடச் சொன்னா கேட்டையே கழட்டிட்டு வந்து நிக்கிறீங்களே."

"சத்தம் வரக் கூடாதுன்னுதான சொன்ன? இப்ப வருதா?"

அதற்குப் பிறகு தெருவில் போன ஆடுகளெல்லாம் உள்ளே வந்து செம்பருத்தியை மொட்டையடித்தன. அதற்கும் அவர் வருத்தப்படவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம் என்றார்.

சிலர் எந்தப் பொருளைப் பார்த்தாலும் என்ன விலை என்று கேட்பார்கள். என் சகலை, "இது இல்லன்னா என்னா ஆவும்?" என்று கேட்பார். கோபமாக இல்லை, கிண்டலாகவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்பார். கல்யாண வீடியோவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். டிவிக்குப் போட்டிருந்த துணி உறையைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். விருந்தில் மூன்றாவது பொரியல் வரும்போது, பரிமாறுகிறவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அக்கா ஒரு முறை எங்களிடம் சொன்னார்: "ஒரு நாளு என் தாலியப் பாத்தும் கேக்கத்தான் போறாரு. அதுக்குத்தான் எப்பவும் பொடவைக்குள்ளாற வச்சிக்கிறேன்."

சகலை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். யோசித்துவிட்டு, "அதுல சங்கிலிய ஏற்கனவே எடுத்தாச்சே, அடகுல இருக்கு" என்றார். அக்கா சிரித்துவிட்டார்.

அவருக்குக் கரண்டு ஆபீசில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போவதால், எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். சில வீடுகளில் மோர் கொடுப்பார்கள், சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிடுவார்கள். சர்ச் பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு அம்மா இருந்தார். அவர் வீட்டு மீட்டர் அடுப்படியை ஒட்டிய நடையில் இருந்தது. ஒரு நாள் காலை சகலை போனபோது அந்த அம்மா என்னவோ இனிப்பு செய்துகொண்டிருந்தாராம். மடிப்பு மடிப்பாக, சுருண்டு, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று இருந்ததை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாராம். சகலை நின்றுகொண்டே தின்றுவிட்டு, இதில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

ஒரு வீட்டில் அதிக நேரம் நிற்க முடியாது. சாமான்களை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். மாவு எப்படிப் பிசைவது என்பதை அடுத்த மாதம் ரீடிங் எடுக்கப் போனபோது கேட்டார். வெண்ணெய் தடவி மடிப்பது அதற்கடுத்த மாதம். நடுவில் அந்த அம்மா புதுச்சேரிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட, வீடு பூட்டிக் கிடந்ததில், எப்படிச் சுருட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் தவித்தார். அந்த ஒரு இனிப்பைக் கற்றுக்கொள்ள அவருக்கு அரை வருஷம் ஆனது.

கற்றுக்கொண்ட பிறகுதான் அவருடைய வேலை ஆரம்பித்தது. அந்த அம்மா சொன்னதில் மைதா, ஈஸ்ட், முட்டை, பால், வெண்ணெய், சீனி, உப்பு, பட்டைத்தூள், உலர்ந்த திராட்சை எல்லாம் இருந்தன. திராட்சையைப் பிள்ளைகள் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்ததால் அது முதலில் போனது. பிறகு பட்டை போனது. சனிக்கிழமை திருநள்ளாறு போகிற வீடுகளில் முட்டை ஆகாது, அதனால் முட்டை போனது. ஈஸ்ட் போட்டால் மாவு பொங்கும்வரை காத்திருக்க வேண்டும், அதுவும் போனது. பாலுக்குப் பதில் தண்ணீர். ஓவன் வாங்கப் போவதில்லை, தோசைக்கல் இருக்கிறது. அந்த அம்மா அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் சொல்லியிருந்தார். சகலை அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார். "சுருண்டிருக்கு. சுருள்னா போதும்."

வெண்ணெயையும் எடுத்துப் பார்த்தார். எண்ணெய் ஊற்றிச் செய்த அந்த ஒரு தடவையை அக்கா மறக்கவே இல்லை. "மாடியில கொண்டுபோயி வச்சேன். காக்கா வந்து பாத்துட்டு, அதோட அண்ணனையும் கூட்டியாந்து காட்டிட்டுப் போயிருச்சு" என்பார். வெண்ணெய் திரும்பி வந்தது. உப்பை எடுத்தபோது யாருக்கும் என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் யாரும் இரண்டாவது கேட்கவில்லை. உப்பும் திரும்பி வந்தது.

கடைசியில் மைதா, வெண்ணெய், சீனி, உப்பு, இந்த நான்கும் நின்றன. சொந்தக்காரர்கள் அவருக்கு "நாலு சாமான்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் அவர் தலை தெரிந்தால், "நாலு சாமான் வந்துட்டாருடா, பாயசத்த ஒளிச்சி வையி" என்பார்கள். ஆம்பிளை அடுப்படியில் நிற்பதைப் பற்றியும் பேசுவார்கள். அவர் சண்டைக்கும் போகவில்லை, நிறுத்தவும் இல்லை.

அவர் செய்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மைதாவில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுத் தண்ணீர் தெளித்துச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் தளர்வாகப் பிசைவார். ஈரத்துணி போட்டு மூடிவிட்டுக் குளிக்கப் போவார். வந்து அதைப் பெரிதாக, மெல்லியதாகத் தேய்ப்பார். இளகிய வெண்ணெயைக் கையாலேயே தடவி, சீனியைத் தூவி, கைக்குட்டை மடிப்பது போல் மடிப்பார். மடித்ததைத் தட்டில் வைத்து மண்பானைத் தண்ணீரின் மேல் மூடி போல வைத்துவிடுவார். பானைக் குளிர்ச்சியில் வெண்ணெய் இறுகிவிடும். மறுபடியும் தேய்த்து, மறுபடியும் சீனி தூவி, இரண்டு பக்கமிருந்தும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி நடுவில் சேர்த்து, கத்தியால் துண்டு துண்டாக வெட்டுவார். தோசைக்கல்லில் பரப்பி, மூடி போட்டு, தீயைக் குறைத்துவிடுவார். சீனி உருகிப் பாகாகி, ஓரம் சிவந்து, ஒரு வாசம் வரும். அப்போது ஒரு தடவை திருப்ப வேண்டும். அவ்வளவுதான். கல்லில் போட்டுவிட்டால் இட்லி வேகும் நேரத்துக்குள் காலைப் பலகாரம் தயார். என்னைப் போன்ற ஆளாலேயே செய்ய முடிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்காலை அடுத்த சுரக்குடிக்காரன். கொஞ்சம் நிலம் உண்டு, உரக்கடையில் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு நான்கு பேர் முன்னால் பேச வராது. வார்த்தை வாய் வரைக்கும் வரும், பிறகு திரும்பிப் போய்விடும். கல்யாணமான புதிதில் மனைவி வீட்டு விருந்துக்குப் போனபோது, அவளுடைய சித்தப்பாக்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேள்வியாகக் கேட்டார்கள். விளைச்சல் எப்படி, கடையில் எத்தனை பேர், அரசாங்க வேலைக்கு ஏன் எழுதிப் போடவில்லை. நான் இலையைப் பார்த்தபடியே ம், ம் என்றேன்.

"மாப்ள வாயில கொழுக்கட்டையா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த இலையிலிருந்து சகலையின் குரல் வந்தது. அதுவரை அவரோடு நான் பேசியதே இல்லை. "அவரு பேசலன்னா இப்ப என்னா ஆவும் சித்தப்பா? ஒங்களுக்கு ரசம் எறங்கலியா?"

சித்தப்பா ரசத்தைக் குடித்தார். அன்றிலிருந்து மனைவி வீட்டு விசேஷங்களில் நான் தேடிப்போய் சகலைக்குப் பக்கத்து இலையில் உட்காருவேன். நான் பேசாமல் இருப்பது ஒரு குறை என்றுதான் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் கடையிலும் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும் என்று எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர். நாங்கள் இருவரும் பேசாமலேயே பட்டினச்சேரி கடற்கரை வரை வண்டியில் போய்விட்டு வந்த நாட்கள் உண்டு. திரும்பி வந்ததும் அக்கா, "இவ்ளோ நேரம் என்னா பேசினீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

எல்லா நேரமும் அவருடைய வழக்கம் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். அவர் மகள் சின்னவளாக இருந்தபோது, பிறந்தநாளுக்கு கேக் வெட்ட வேண்டும் என்று அழுதாள். சுருள் இருக்கும்போது கேக் எதற்கு என்று அவர் கேட்டார். அந்தப் பெண் அன்று முழுவதும் அவர் மடிக்கு வரவில்லை. மறுநாள் அக்காவே போய் கேக் வாங்கிவந்தார். சிலருக்குச் சில சாமான்கள் வேண்டித்தான் இருக்கிறது என்பதை அவர் கொஞ்சம் தாமதமாகவே புரிந்துகொள்வார்.

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் நிற்காமல் போனது. இரண்டாவதும் அப்படியே. இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். இளவயசுதானே என்றார்கள், நாகதோஷம் என்றார்கள், எங்கள் வீட்டு வடக்குப் பக்கம் சரியில்லை என்றார்கள். என் மனைவி பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை.

சகலை காலையில் வந்தார். வந்தவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் மாவு பிசைந்தார். சுருளைச் சுட்டு ஒரு தட்டில் வைத்து, அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் அம்மாவுக்குக் கோபம். "வாயத் தொறந்து ஒரு ஆறுதல் சொன்னா என்னா? மீட்டரு பாக்க வந்தவரு மாதிரி வந்துட்டுப் போறாரு." நான் பிறகு உள்ளே போய்ப் பார்த்தபோது தட்டில் ஒன்று குறைந்திருந்தது.

அதன் பிறகு மூன்றாவது முறை. இந்தத் தடவை வாந்தி மிக அதிகம். தாளிக்கிற வாசனை ஆகவில்லை, இட்லிச் சட்டி ஆவி ஆகவில்லை. பக்கத்து வீட்டில் மீன் குழம்பு வைத்தால் இங்கே இவள் கிணற்றடிக்கு ஓடுவாள். உடம்பு பாதியாகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவளுக்கு அம்மா இல்லை. அக்கா வீடுதான் தாய் வீடு. ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அங்கன்வாடியில் வேலை, காலையில் வர முடியாது. அதனால் சகலை வர ஆரம்பித்தார்.

விடிந்ததும் வண்டிச் சத்தம் கேட்கும். வேலைக்குப் போகும் உடையிலேயே வருவார். எங்கள் வீட்டில் மாடு இருந்ததால் வெண்ணெய்க்குக் குறைவில்லை. சுருள் மட்டும் அவள் வயிற்றில் நின்றது. சூடாக இல்லாமல் ஆறவைத்து, எழுந்ததும் படுக்கையிலேயே ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து ஒன்று. என் அம்மா முதலில் முணுமுணுத்தாள். "வெறும் வயத்துல யாராச்சும் இனிப்பு திம்பாங்களா? அதுவும் மைதா." என் மனைவி அதைத் தின்றுவிட்டு ஒரு டம்ளர் கஞ்சியும் குடித்த அன்று அம்மா முணுமுணுப்பதை நிறுத்திவிட்டாள். மறுநாள் சகலை வந்தபோது, வெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள்.

மூன்றாம் மாதம் வந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் காதில் விழுந்துவிடும் என்பது போல எல்லோரும் மெதுவாக நடந்தோம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருநள்ளாறு எங்களுக்கு மிகப் பக்கம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் சனிக்கிழமை விடியற்காலையில் நளன் குளத்தில் குளித்து, சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றிவிட்டு, ஈரத் தலையோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார்கள். கோயில் வாசலில் கருப்புத் துணியில் எள்ளை முடிச்சுக் கட்டி விற்பார்கள். அதை எண்ணெயில் நனைத்து ஏற்றுவார்கள். சிலர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிட்டு மீந்ததை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். சனிக்கென்று வாங்கியதை ஊருக்கு எடுத்துப்போக யாருக்கும் மனம் வராது. எங்களுக்கும் அதைத் தூக்கிப் போடக் கை வராது. அம்மா முடிச்சைப் பிரித்து, துணியைத் தனியாகவும் எள்ளை ஒரு சின்ன டப்பாவிலும் எடுத்து அடுப்படி ஜன்னலில் வைப்பாள். அடுத்த சனிக்கிழமை தானே கொண்டுபோய் ஏற்றிவிடுவாள். அந்த எள்ளை வீட்டில் யாரும் வாயில் போட மாட்டோம். வாயில் போட்டால், யாரோ இறக்கிவைத்த சனியை நாம் ஏற்றிக்கொண்ட மாதிரி. சாதாரண எள்ளே கூட பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது, சூடு, கரு தங்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை என் மனைவி சுருளைக் கையில் வைத்துக்கொண்டு சகலையிடம் சொன்னாள்.

"அத்தான், தெனமும் ஒரே மாதிரியா இருக்கு. கொஞ்சம் வாசமா எதாச்சும் மேல போட்டுத் தாங்களேன்."

"என்னா பாப்பா போடணும்?"

"எதாச்சும்."

அவளுக்கு நாக்கு ருசி கேட்கிறது என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் மாவைச் சுருட்டிவிட்டு அடுப்படியைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஜன்னலில் டப்பா இருந்தது. சர்ச் தெரு அம்மாவும் சில சமயம் எள் தூவுவார் என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. எடுத்து மேலே தூவிச் சுட்டார். இத்தனை வருஷமாக எதை எடுக்கலாம் என்று மட்டுமே பார்த்து வந்தவர். எதைச் சேர்க்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம் இல்லை.

வறுபட்ட எள் வாசம் வீடு முழுக்க வந்தது. அவள் ஆசையாக இரண்டு தின்றாள். மூன்றாவதைப் பாதி தின்றுகொண்டிருந்தபோது அம்மா பால் செம்போடு உள்ளே வந்தாள். வாசம் பிடித்தாள். தட்டைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, அது சனீஸ்வரனுக்கு வச்ச எள்ளு."

சகலை கையில் தோசைத் திருப்பியோடு நின்றார்.

"நாலு சாமான்தான் போடுவேன், நாலு சாமான்தான் போடுவேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. அஞ்சாவது ஒங்கள யாரு கேட்டா? அதுவும் இந்த எள்ளயா, இந்த மாசத்துலயா, இவளுக்கா?"

"நாந்தான் அத்தை கேட்டேன்" என்றாள் என் மனைவி. கையிலிருந்த பாதியைத் தட்டில் வைத்தாள். அவள் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இழுக்குதுங்க."

நான் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். அம்மா ஏறவில்லை. கிணற்றடியில் தலையோடு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு திருநள்ளாறு பக்கம் நடந்தே கிளம்பிவிட்டாள். ஆட்டோவுக்குப் பின்னால் சகலையின் வண்டி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அதே தூரத்தில் வந்துகொண்டிருந்தார். என் மனைவி ஒரு கையால் என் சட்டையையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்திருந்தாள். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் நான் ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. ஆட்டோக்காரர் நல்லவர், தானாகவே மெதுவாகப் போனார்.

என் மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். நன்றாகப் பேசுவாள், யார் ஜாடையோ தெரியவில்லை. சகலைக்கு அதற்குப் பிறகு ஏனாமுக்கு, ஆந்திராவுக்குள் இருக்கும் எங்கள் புதுச்சேரி அரசின் ஊருக்கு, மாற்றல் வந்தது. எங்கள் பக்கத்தில் அரசாங்க வேலையில் இருப்பவர்கள் பயப்படுகிற ஒரே விஷயம் அதுதான். அவர் பயப்படவில்லை, ஒரே ஒரு பெட்டியோடு போனார். ரிட்டையர் ஆன பிறகு மகள் வீட்டோடு பெங்களூர் பக்கம் போய்விட்டார். எப்போதாவது போன் வரும். "நல்லாருக்கீங்களா சகல? சரி" என்று வைத்துவிடுவார். அம்மா பிறகு எப்போதும் அவரைக் குறை சொன்னதில்லை. அவர் ஏனாம் கிளம்பியபோது வெண்ணெய் காய்ச்சி ஒரு பாட்டில் நெய் கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் சுருள் போடுகிறேன். நான்கு சாமான்தான். யாரும் ஐந்தாவது கேட்பதில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அடுப்படி இல்லை. அந்தக் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அவர் நின்ற விதம்தான்.

உள்ளே டாக்டரம்மா, "காலைல என்ன சாப்டாங்க?" என்று என்னைத்தான் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். என் மனைவி படுத்தபடியே, "எள்ளு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"எவ்வளவு எள்ளு?"

"பலகாரத்து மேல தூவினது."

"மேல தூவினதா? அதுனால ஒண்ணும் இல்ல. அதுக்கா இப்படி அழுறீங்க?" டாக்டரம்மா ஸ்கேன் கருவியை இழுத்தார். என்னையும் பக்கத்தில் வரச் சொன்னார். திரையில் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, மழை பெய்கிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு இடத்தில் விரல் வைத்தார். மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஏதோ துடித்தது. அவர் எதையோ திருகியதும் அறை முழுக்க அந்தச் சத்தம் வந்தது.

"கேக்குதா? நல்லா இருக்கு. வாந்தி எடுத்து எடுத்து ஒடம்புல தண்ணி கொறஞ்சு போச்சு, அதான் இழுக்குது. ஒரு பாட்டில் ஏத்திட்டு வீட்டுக்குப் போலாம். அந்தப் பலகாரம் வயித்துல நிக்குதா?"

"நிக்குது டாக்டர்" என்றாள் என் மனைவி.

"அப்ப அதையே குடுங்க."

அவளுக்கு பாட்டில் ஏற்றியதும் நான் வெளியே வந்தேன். சகலை வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்றிருந்தார். வேலைக்குப் போகவில்லை. வண்டியிலும் உட்காரவில்லை. சட்டையில் மைதா அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார்.

"என்னா சொன்னாங்க?"

"நல்லாருக்காம்."

எங்களுக்குள் எப்போதும் அவ்வளவு போதும். நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை.

"மொதல்லேருந்து சொல்லுங்க சகல."

"அதான், நல்லாருக்குன்னு..."

"அப்புடி இல்ல. உள்ள போனதுலேருந்து. அவங்க என்னா கேட்டாங்க, நீங்க என்னா சொன்னீங்க. ஒண்ணு வுடாம சொல்லுங்க."

நான் சொல்ல ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. நர்ஸ் எந்தக் கதவு வழியாக வரச் சொன்னார், டாக்டரம்மா எள் என்றதும் எப்படிப் பார்த்தார், திரை எப்படி இருந்தது, எங்கே விரல் வைத்தார் எல்லாம் சொன்னேன். நான் எதையாவது தாண்டிவிட்டால் அவர் பிடித்துவிடுவார். "இருங்க. அதுக்கு முன்னாடி?" என்பார். எள்ளால் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னதை இரண்டு முறை சொல்லச் சொன்னார், அவர் சொன்ன அதே வார்த்தையில். துடிப்புச் சத்தம் வந்தது என்றேன்.

"எப்புடி வந்துச்சு?"

"வேகமா."

"வேகமான்னா? அடிச்சுக் காட்டுங்க."

நான் சுற்றிலும் பார்த்தேன். ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள். டீக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு அம்மா பழம் விற்றுக்கொண்டிருந்தார். நான் அவர் காதுப் பக்கம் குனிந்து, தூரத்து வயலில் ஆயில் இன்ஜின் ஓடுகிற மாதிரி, வாயால் மெதுவாக அடித்துக் காட்டினேன். டுக்குடுக்குடுக்குடுக்கு.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சத்தமா."

நான் நிமிர்ந்து நின்று சத்தமாகவே அடித்தேன். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கார அம்மா எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சகலையின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் மைதா ஒட்டிய கன்னத்தில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"இன்னொரு வாட்டி சகல" என்றார்.

மூச்சு முட்டுகிற வரைக்கும் அடித்துக் காட்டினேன்.